ஆபத்து என்று நான் படித்த சீட்டு

சேகருக்கு, அப்பா எழுதுவது.

இதை உட்கார்ந்து நிதானமாகப் படி என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுதப் போகும்போதுதான் உறைத்தது. எட்டு வருஷமாக நான் உனக்குச் சொன்ன புத்தியையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு சொல்தான் மிஞ்சும். உட்கார். ஆகையால் இதை நின்றுகொண்டே படி. மெட்ராசில் மாமா வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டே படித்தாலும் எனக்குச் சம்மதம். சம்மதம் என்று எழுதிவிட்டேனே தவிர, நீ படியேறுவதை நினைத்தாலே 'மெதுவாக' என்று எழுதத்தான் கை போகிறது. அது என் பழக்கதோஷம். நீ அதைப் பொருட்படுத்தாதே.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. எனக்குத் தெரியாமல் ரயில்வேயில் ஃபயர்மேன் வேலைக்கு மனுப் போட்டது, அவர்கள் உன்னை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது, வருகிற வெள்ளிக்கிழமை மெட்ராசிலேயே டாக்டர் பரிசோதனை என்பது, அதற்கு நீ போகப் போவதில்லை என்பது, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாய். "முக்காலியில் ஏறி இறங்கச் சொல்லி நாடி பார்ப்பார்களாம் அப்பா. என் இருதயத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் விழுவதைவிட வீட்டிலேயே இருந்துவிடுவது மரியாதை. மில் பாய்லரில் கரி தள்ளுகிறவர் பிள்ளை ரயில் எஞ்சினில் கரி தள்ளலாமே என்று ஒரு ஆசை, அவ்வளவுதான்" என்று முடித்திருந்தாய். நீ போக வேண்டும் சேகர். உன் இருதயத்தில் கோளாறு என்று எந்த டாக்டரும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. கோளாறு என் பிரெஞ்சுப் படிப்பில் இருந்தது. விவரமாகச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், கோபம் வந்தால் கோபப்பட்டுக்கொள், வெள்ளிக்கிழமைக்குள் இரண்டையும் முடித்துக்கொள்.

நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி போய் இந்தியக் கொடி மாறிய வருஷம் உனக்குப் பன்னிரண்டு வயது. மாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் உன் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைக்கார டாக்டர் வந்து பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார். ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மற்ற பிள்ளைகளின் சீட்டில் ஒரு வரி இருந்தது. உன் சீட்டில் இரண்டு வரி. இரண்டு வரி என்றதுமே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நம் தெருவில் எனக்கு 'தொரை' என்று பட்டப்பெயர் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பிரெஞ்சில் ஆரம்பப் பரீட்சை இரண்டு தடவை எழுதி இரண்டாம் தடவை தேறியவன் நான். தெருவில் யாருக்குச் சர்க்கார் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தெரிந்த நாலு சொல்லுக்கு நடுவே தெரியாத பத்துச் சொல்லை ஊகித்துப் படித்துச் சொல்லுவேன். பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடும். அதுதான் வினை.

உன் சீட்டின் முதல் வரி, "பூ லான் ஓ ரெப்போ". பூ என்றால் நாடி, லான் என்றால் மெதுவான, ரெப்போ என்றால் ஓய்வு. நாடி மெதுவாக இருக்கிறது, ஓய்வு கொடு. எனக்குப் புரிந்தது இவ்வளவு. இரண்டாவது வரியைத்தான் நான் வாய்விட்டுப் படித்தேன். "ஆப்த் ஆ தூ லே ஸ்போர்". ஸ்போர் என்றால் விளையாட்டு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன்னால் இருந்ததை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஆப்த்ஆதூ, ஆப்தாதூ, ஆபத்து. அந்த டாக்டர் இங்கே இருபது வருஷம் இருந்தவர். வலி, காய்ச்சல், பேதி எல்லாம் அவர் வாயில் தமிழிலேயே வரும். நமக்குப் புரியட்டும் என்று தமிழ்ச் சொல்லைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருக்கிறார், எவ்வளவு நல்ல மனிதர் என்று உன் அம்மாவிடம் சொல்லிக் கண்கலங்கினேன். விளையாட்டு ஆபத்து. அன்று சாயங்காலம் நீ வைத்திக்குப்பத்தில் படகுக்காரப் பிள்ளைகளோடு கடலில் முங்கிக் கொண்டிருந்தாய். சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உன்னைக் கரைக்கு இழுத்து வந்தேன். நீச்சல் தெரியாத நான் கடலில் இறங்கியது அந்த ஒரு நாள்தான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சைக்கிள் கேட்டாய், கிடையாது என்றேன். ஒன்பதாவது வகுப்பு வரை உன் புத்தகப் பையை உன் அம்மா தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை வந்தாள். உன்னோடு படித்த பையன்கள் "கலெக்டரு வராரு, டவாலி பியூன் முன்னால வருது" என்று கத்தியதை நீ எங்களிடம் சொல்லவில்லை. எனக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் வருஷா வருஷம் உனக்கு ஒரே வேலை, ஓட்டப் பந்தயம் முடிகிற இடத்தில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. மற்ற பிள்ளைகள் மார்பால் அறுத்துக்கொண்டு ஓடுவார்கள். நீ அறுந்த நாடாவைச் சுருட்டி முடிச்சுப் போட்டு மறுபடி பிடிப்பாய். நான் வேலிக்கு வெளியே நின்று, பத்திரமான வேலையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். உன் முகத்தை நான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை.

ஒரு நாள் நீ யாருக்கும் தெரியாமல் பந்து விளையாடிவிட்டு வந்தாய். முகமெல்லாம் சிவந்து, தோள் ஏறி இறங்க மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாய். நான் உன் மார்பில் காதை வைத்தேன். மில்லில் எல்லாத் தறியும் சேர்ந்து ஓடுகிற மாதிரி சத்தம். உன்னைப் படுக்க வைத்து ஈரத்துணி போட்டு, நான் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் காலையில் நீ தூங்கும்போது மறுபடி காதை வைத்தால், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அவ்வளவு நேரம். அதற்கும் அழுதேன். மெதுவாக அடித்தாலும் நோய், வேகமாக அடித்தாலும் நோய். எப்படி அடித்திருந்தால் நான் திருப்திப்பட்டிருப்பேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

உன் கடிதம் வந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்துப் பயனில்லை. பிள்ளை புத்தியோடு ஒதுங்கிக்கொண்டான் என்று நினைத்தேன். உன் அம்மாதான், "ஏங்க, அந்தப் பழைய சீட்டை ஆஸ்பத்திரில காட்டி, இவனுக்கு ஒடம்பு முடியாதுன்னு ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கி அனுப்பினா இன்னா? ஏறி எறங்காமயே வேலை குடுத்தாலும் குடுப்பான்" என்றாள். நல்ல யோசனையாகப் பட்டது. சனிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் தகரப் பெட்டியிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். உன்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். நம் ஊர்ப் பெண்தான், பிரெஞ்சில் படித்தவள். சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாருக்கு வியாதி?"

"பையனுக்குத்தாம்மா. இருதயம். அதுல எழுதியிருக்குதே."

"எங்க எழுதியிருக்கு?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். "ரெப்போன்னு இருக்குது. கீழ ஆபத்துன்னே எழுதிட்டாரு."

அந்தப் பெண் சீட்டை உதட்டுக்குள்ளே ஒரு தடவை படித்தாள். அப்புறம் மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரும்பியபோது முகத்தைச் சரி செய்துகொண்டு, "ஆப்த் ஆ தூ லே ஸ்போர்னா, எல்லா விளையாட்டுக்கும் தகுதியானவன்னு அர்த்தம். ஓ ரெப்போன்னா, சும்மா இருக்கும்போதுன்னு அர்த்தம். சும்மா இருக்கும்போது நாடி மெதுவா இருக்கு, நல்ல பலசாலி, என்ன வேணா விளையாடலாம்னு எழுதியிருக்கார். இதுக்கு நீங்க என்ன பண்ணீங்க?" என்றாள்.

என்ன பண்ணினேன் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அதற்குப் பிறகு அவள் எனக்கு விளக்கியதை உனக்கும் எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு உதவும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். மில்லில் பாய்லர் என்றேன்.

"எல்லாத் தறியும் நின்னிருக்கும்போது உங்க பாய்லர் எப்படி எரியும்?"

"அடக்கமா எரியும்மா. கரி கொஞ்சம், காத்து கொஞ்சம்."

"தறி எல்லாம் ஓட ஆரம்பிச்சா?"

"கரி ஜாஸ்தி போடணும். காத்துக் கதவைத் தொறந்து விடணும். தண்ணி பம்பு வேகமா ஓடணும்."

"அப்ப, அடக்கமா எரியற பாய்லரைப் பார்த்து ரிப்பேர்னு சொல்லுவீங்களா? வேகமா எரியறதப் பார்த்து வெடிச்சிடும்னு ஓடுவீங்களா?"

முப்பது வருஷம் பாய்லர் முன்னால் நின்றவன் சேகர் நான்.

இருதயம் என்பது ஒரு முஷ்டி அளவுள்ள பம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்குக் கொஞ்சம் பிராணவாயு போதும். நிமிஷத்துக்குப் பதினைந்து பதினாறு மூச்சு, எழுபது எழுபத்தைந்து அடி, அதற்குள் ஐந்து லிட்டர் ரத்தம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறதாம். ஓட ஆரம்பித்தால் கால் சதையெல்லாம் பிராணவாயு கேட்கும். அப்போது நுரையீரல் ஆழமாகவும் வேகமாகவும் காற்றை இழுக்கும், நம் காத்துக் கதவைத் திறக்கிற மாதிரி. இருதயம் அடிக்கிற எண்ணிக்கையையும் கூட்டும், ஒவ்வொரு அடிக்கும் தள்ளுகிற ரத்தத்தையும் கூட்டும். ஐந்து லிட்டர் இருபது லிட்டர்கூட ஆகும் என்றாள். வயிற்றுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துக் காலுக்குத் திருப்பிவிடும், அதனால்தான் சாப்பிட்டதும் ஓடக் கூடாது. உள்ளே எரிந்து மிஞ்சுகிற கரியமிலவாயு மூச்சு வழியாக வெளியே போகும். நமக்குள்ளும் கரிதான், புகைபோக்கிதான். மூச்சு வாங்குவது அந்தப் புகையைத் தள்ளுகிற வேலை. நீ அன்று பந்து விளையாடிவிட்டு வந்து என் முன்னால் நின்றபோது உன் உடம்பு ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. ஈரத்துணி தேவைப்பட்டது எனக்குத்தான்.

மெதுவான நாடி எப்படி நல்லது என்று கேட்டேன். பலமான இருதயம் ஒரே தள்ளில் நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும், அதனால் சும்மா இருக்கும்போது அதற்கு அவசரமில்லை என்றாள். "தினம் நீந்தின பையன், அப்படித்தான் இருக்கும்" என்றாள். எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தால் அது என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "பழக்கம் விட்டுப்போனா சீக்கிரம் மூச்சு வாங்கும், நாடி சீக்கிரம் ஏறும். பழகினா திரும்பி வரும். ஆனா பையனைப் பார்க்காம நான் கியாரண்டி எழுதித் தர முடியாது பெரியவரே. அதைப் பார்க்கத்தானே ரயில்வேல டாக்டர் வச்சிருக்காங்க" என்றாள். நான் கேட்டு வந்த சர்ட்டிபிகேட்டும் கிடைக்கவில்லை, தைரியமும் முழுசாகக் கிடைக்கவில்லை. என் மார்பிலும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் ஒண்ணுமில்ல, கொஞ்சம் ஓடுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். நான் பாதி சாப்பிட்ட பிறகு, "அப்ப அவன் பையை நான் எதுக்குத் தூக்கினேன்?" என்று கேட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பாதிப் பொய்யாகிவிடும். உனக்குப் பதினாறு வயதில் உன் டிரில் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார், ஞாபகம் இருக்கிறதா? "ஒரு தடவ வேற டாக்டர்கிட்ட காட்டுங்களேன், அந்தச் சீட்டையாவது குடுங்க, நான் படிக்க வச்சிப் பாக்கறேன்" என்றார். நான், பிரெஞ்சு தெரிந்தவன் வீட்டில் வந்து பிரெஞ்சுச் சீட்டைப் படிக்கக் கேட்கிறாரே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டேன். சீட்டு தொலைந்துவிட்டது என்றேன். அப்போது அது தலைக்கு மேலே பரணில், பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. கௌரவம் ஒரு பக்கம் என்றால், அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்திருக்கிறது. நீ கடலில் முங்கும் ஒவ்வொரு தடவையும், நீச்சல் தெரியாத நான் கரையில் நின்று உன் தலை வெளியே வருகிற வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பயத்துக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது, டாக்டர் கையெழுத்தோடு கிடைத்தது. அதை வேறு யாராவது படித்து மாற்றிச் சொல்லிவிட்டால்? அதனால்தான் பெட்டியைப் பூட்டி வைத்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானும் உன் அம்மாவும் கடற்கரைக்குப் போனோம். டைம்பீஸை அவள் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்து எண்ணினால் என் நாடி எழுபத்தெட்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து வடக்கே ஓடினேன். ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, "யாரைத் தொரத்திக்கினு போறீங்க?" என்று கேட்டார். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. பின்னாலேயே வந்த உன் அம்மா, "அவரு நாடியைத் தொரத்திக்கினு போறாருங்க, வுடுங்க" என்றாள். திரும்பி வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். நூற்று முப்பத்திரண்டு. என் காதுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. சாகப் போகிறேன் என்றே நினைத்தேன், உண்மையாகத்தான். மூன்று நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மறுபடி எண்ணினாள். நூற்று நாலு. இன்னும் கொஞ்ச நேரத்தில் தொண்ணூறு. யாரும் ஒன்றும் செய்யாமல் அது தானாகவே இறங்கியது. அவ்வளவு வேகமாக அடித்த ஒன்று, தேவை முடிந்ததும் தானாக அடங்குகிறது என்பதை ஐம்பத்து மூன்று வயதில்தான் பார்த்தேன். உன் அம்மா முந்தானையால் என் கழுத்தைத் துடைத்துவிட்டு, "புள்ளைக்கு எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். இப்போது நீ செய்ய வேண்டியது. நாளைக்குக் கடிதம் கிடைத்தால் உனக்கு நடுவில் இரண்டு காலை இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் உட்கார்ந்து நாடியை எண்ணு. பிறகு கடற்கரையில் முதலில் வேகமாக நட, முடிந்தால் கொஞ்சம் ஓடு, உடனே எண்ணு. மூன்று நிமிஷம் கழித்து மறுபடி எண்ணு. மூச்சு வாங்கும், வாங்கட்டும். மார்பு படபடக்கும், படபடக்கட்டும். ஆனால் மார்பைப் பிடித்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிடு, வெள்ளிக்கிழமை அந்த டாக்டரிடம் எதையும் ஒளிக்காமல் சொல். டாக்டர் அம்மா சொல்லித்தான் இதை எழுதுகிறேன். என் பயம் எது, அவள் சொன்னது எது என்று நீ குழம்பக் கூடாது என்பதற்காகப் பிரித்து எழுதுகிறேன். என் பயம் அப்படியேதான் இருக்கிறது. அன்று ஓடாதே என்று சொல்லி உன்னைக் கெடுத்தேன். இன்று ஓடு என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று சனிக்கிழமையிலிருந்து கை ஓடவில்லை. இரண்டு தடவை இதை எழுதிக் கிழித்தேன். ஆனால் இந்தத் தடவை பயத்துக்குக் காகிதம் தேடப் போவதில்லை. வெறும் பயமாகவே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை உன்னை முக்காலியில் ஏற்றும்போது, அந்த டாக்டர் சீட்டில் என்ன எழுதினாலும் நீயே படித்துப் பார். புரியாவிட்டால் அவரையே கேள். வேலை கிடைத்ததா என்று எனக்கு உடனே எழுத வேண்டாம். அந்த மூன்று எண்ணிக்கையை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு. உன் அம்மா தன் கையால் காலண்டரில் எழுதி வைக்க இடம் விட்டிருக்கிறாள். என்னுடையது பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தச் சீட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது. எட்டு வருஷம் தாமதம்.

மணி நாலேகால் ஆகிவிட்டது. நாலரைக்குத் தபாலாபீசில் பெட்டியைத் திறந்து மூட்டை கட்டிவிடுவார்கள். அதற்குள் போட்டால்தான் நாளைக்கு உன் கையில். நடந்து போனால் இருபது நிமிஷம், சேராது. உன் அம்மா டைம்பீஸோடு வாசலில் வந்து நின்றுவிட்டாள், திரும்பி வந்ததும் எண்ணுவதற்கு. செருப்பைக் கழற்றிவிட்டேன். உறையை ஒட்டுகிறேன். ஓடுகிறேன்.

அப்பா